ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் பணத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். அதற்குப் பல மாதங்கள் முன்பே, அட்மிஷன் கிடைத்த பிள்ளைகள் பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு) பற்றிக் கேட்டு எனக்கு எழுத ஆரம்பிப்பார்கள். நான் மாணவனாக வந்தபோது எங்கெங்கே பணத்தை விட்டேனோ, அதே இடங்களில்தான் இவர்களும் விடுகிறார்கள். பணத்தைப் பத்திரமாக வை, வீண் செலவு செய்யாதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை.

'கமிஷன் கிடையாது' என்பதை நம்புவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவான 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோ வரும். பல குடும்பங்கள் வெளிநாட்டுக்கு முதன்முதலாக அனுப்பும் பணமே இதுதான், அதுவும் ஒரே தவணையில்.

கூகுளில் நீங்கள் பார்ப்பது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் ரேட்டை ஒட்டியது. அந்த ரேட் பொதுவாக நமக்குக் கிடைக்காது. அதன் மேல் கொஞ்சம் ஏற்றித்தான் விற்பார்கள். கமிஷன் வாங்காதவருக்கு வருமானம் அந்த ஏற்றத்தில்தான். யூரோவுக்கு 1 ரூபாய் ஏற்றினாலே நமக்கு 11,904 ரூபாய் கூடுதல் செலவு.

கணக்குக்காக, சந்தையில் யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் 1,500 ரூபாய் கட்டணம், ரேட் 100.80. இன்னோர் இடத்தில் கட்டணமே இல்லை, ரேட் 102.50. முதல் இடத்தில் சந்தை ரேட்டுக்கு மேல் ஏறக்குறைய 11,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். இரண்டாவது இடத்தில் 29,760. பெரும்பாலானவர்கள் இரண்டாவது இடத்துக்குத்தான் போகிறார்கள்.

கரூரிலிருந்து வந்த ஒரு தம்பி, "சர்வீஸ் சார்ஜ் ஒரு பைசா வாங்கலண்ணா" என்று சந்தோஷமாகச் சொன்னான். ரசீதை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அன்றைய சந்தை ரேட்டைவிட யூரோவுக்கு 3 ரூபாய்க்கு மேல் ஏற்றியிருந்தார்கள். 35,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. கல்விக் கடனிலிருந்து போன பணம் என்பதால் அந்த 35,000-மும் அசலில் உட்கார்ந்துகொண்டு இப்போதும் வட்டி கேட்கிறது. ரேட்டை யாரும் மறைக்கவில்லை, ரசீதிலேயே அச்சாகியிருந்தது. அதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று அந்த வீட்டுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பணமாற்று நிறுவனத்தைக் கைகாட்டிய கன்சல்டன்சியும் சொல்லவில்லை.

அதனால் கட்டணம் எவ்வளவு, ரேட் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்காதீர்கள். "11,904 யூரோ முழுசாகப் போய்ச் சேர, என் கணக்கிலிருந்து ஜி.எஸ்.டி. உட்பட மொத்தம் எத்தனை ரூபாய் போகும்?" என்று கேளுங்கள். ரேட் நாள் முழுக்க ஆடும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வங்கியிலும் பேரம் பேசலாம். கிளையில் சொல்லும் ரேட் முதல் விலைதான். பெரிய தொகை, குறைத்துத் தாருங்கள் என்று மேலாளரிடம் கேட்டால் அவர் மேலே கேட்டுச் சொல்வார். கடன் தரும் வங்கியே அனுப்பினாலும் கேளுங்கள். கடனைத் திருப்பிக் கட்டப் போவது நீங்கள்தானே.

ரேட் இறங்கட்டும் என்று காத்திருப்பது

2025 தொடக்கத்தில் 90 ரூபாய்க்குக் கீழே இருந்த யூரோ அந்த ஆண்டு முடிவதற்குள் 100-ஐத் தாண்டியது. கடன் ரூபாயில் சாங்ஷன் ஆகிறது, செலவோ யூரோவில். காத்திருந்து காத்திருந்து கடைசியில் கைமாற்று வாங்கி ஈடுகட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விசா தேதி நெருங்கினால் அனுப்பிவிடுங்கள். கடன் கேட்கும்போதே கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.

பணம் குறைவாகப் போய்ச் சேர்வது

நடுவில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டால் 11,904 சேர வேண்டிய இடத்தில் 11,880 சேரும். தொகை முழுதாகச் சேராமல் விசாவுக்கான சான்று வராது. வெளிநாட்டு வங்கிக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள்.

டி.சி.எஸ்.

இது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே பிடித்துக்கொள்ளும் வரி. வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். இல்லை. சொந்தப் பணம் என்றால் ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் பகுதிக்குப் பிடிப்பார்கள். அப்பா பாதி, அம்மா பாதி என்று அவரவர் சொந்தப் பணத்தை அனுப்பினால் இருவருக்கும் தனித்தனி 10 லட்சம். பிடித்த பணம் வருமான வரிக் கணக்கில் சேரும். ஆனால் யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். அப்புறம், படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்0305, அதாவது படிப்புக்கான பயணம் என்று இருக்கிறதா பாருங்கள். அவசரத்தில் குடும்பப் பராமரிப்பு என்று போட்டுவிட்டால் படிப்புக்கான குறைந்த விகிதம் கிடைக்காது.

ஏ.டி.எம். 'ரூபாயில் கணக்கிடவா?' என்று கேட்டால்

வேண்டாம். எப்போதும் யூரோ.

இந்திய கார்டையே தேய்த்துக்கொண்டிருப்பது

பல கார்டுகளில் ஒவ்வொரு முறையும் 3.5 சதவீதம் வரை போகும், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. முதல் வாரத்துக்கு ஃபாரெக்ஸ் கார்டு (முன்கூட்டியே யூரோ ஏற்றி வைக்கும் கார்டு), கொஞ்சம் ரொக்க யூரோ. பிறகு அங்கே ஒரு கணக்கு.

ஓ.டி.பி. வரும் சிம்

ரோமிங் போடாமல் விமானம் ஏறினால், வங்கிக் கணக்கில் பணம் இருந்தும் ஓ.டி.பி. வராமல் எடுக்க முடியாது. கிளம்புவதற்கு முந்தின வாரமே ரோமிங்கை இயக்கி, ரீசார்ஜ் செய்ய வேண்டிய தேதியை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.