மாமரத்தடி நிழலில் ஒரு பச்சைத் திரை: எதை நடுவது, எப்படி நடுவது

வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம், அதை ஒட்டிக் காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஜன்னலோ மாடிப்படியோ. மரத்தடியில் புல் பிடிக்காது, செம்பருத்தி வைத்தால் வெயிலைத் தேடி ஒல்லியாக நீண்டு பூக்காமல் நிற்கும், கடைசியில் உடைந்த தொட்டியும் மிச்சமான டைல்ஸும் போடுகிற மூலையாக அது ஆகிவிடும். அந்த இடத்தையும் பச்சையாக்கலாம், கூடவே மறைப்பும் கிடைக்கும். ஆனால் அங்கே மரம்தான் முதலாளி. அது விட்டுக்கொடுக்கிற வெளிச்சத்திலும் தண்ணீரிலும் பிழைக்கிற செடியைத்தான் வைக்க முடியும்.

செடி வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கிருந்து பார்வை உங்கள் மேல் விழுகிறது என்று பாருங்கள். வீட்டில் யாரையாவது சுவரோரம் ஒரு நீளக் குச்சியோடு நிற்க வைத்து, எந்த உயரத்தில் அந்த ஜன்னல் மறைகிறதோ அங்கே குச்சியில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். சுவர் 5 அடி, மரத்தின் கீழ்க்கிளை 7 அல்லது 8 அடியில் தொடங்குகிறது என்றால், மறைக்க வேண்டியது நடுவில் உள்ள இரண்டு மூன்று அடிதான், அதுவும் ஜன்னலுக்கு நேரே உள்ள நீளத்துக்கு மட்டும். சுவர் முழுக்க வரிசையாக அரேகா பாம் நட்டுக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. மேல்மாடிப் பார்வையை மரமே பார்த்துக்கொள்ளும், அதனால் காய்ப்பு முடிந்து ஆடி, ஆவணியில் கவாத்து செய்யும்போது அந்தப் பக்கத்துக் கீழ்க்கிளைகளைக் கழிக்க ஆளை விடாதீர்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் வீட்டுப் பக்கம் இருக்கிற கிளையில் கை வையுங்கள்.

அடுத்தது வெயில். காலை 9 மணி, பகல் 1 மணி, மாலை 4 மணிக்கு ஒரு நடை போய்ப் பார்த்தால் போதும். ஏதாவது ஒரு வேளை நேர் வெயில் படும் ஓரம், புள்ளி புள்ளியாக வெயில் விழும் நடுப்பகுதி, நாள் முழுக்க இருட்டாகவே கிடக்கும் தூரடி என்று இடம் தானாகவே மூன்றாகப் பிரிந்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், ஆனியில் நம் தலைக்கு மேலும் சற்று வடக்கேயும் போய்விடும், எனவே ஒரு மாதத்தில் பார்த்ததை வைத்து வருஷம் முழுக்கக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது மண். பலரும் செய்வது, ஒரு லோடு செம்மண் இறக்கி மரத்தைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி கட்டிவிடுவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மாமரத்தின் உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே நிறைய இருப்பதால் அவற்றுக்குக் காற்று போகாது, அடிமரத்தில் ஈர மண் அணைந்து கிடந்தால் பட்டை அழுகும், கரையானும் ஏறும். தூரைச் சுற்றி இரண்டடிக்கு எதுவும் வேண்டாம், சும்மா விடுங்கள். மற்ற இடத்திலும் மொத்தமாகக் கொத்திப் புரட்டாமல் தனித்தனிக் குழியாக எடுங்கள். மண்வெட்டி வேண்டாம், களைக்கொத்தும் சின்னக் கடப்பாரையும் போதும். கடப்பாரையை மெல்லக் குத்திப் பார்த்தால், வேரில் படும்போது கைக்கு ஒரு துள்ளல் தெரியும், மண் என்றால் பொதுக்கென்று இறங்கும். கட்டைவிரல் பருமனுக்கு மேல் வேர் தட்டுப்பட்டால் அதை வெட்டாமல் குழியை அரையடி தள்ளி வையுங்கள். செடிகள் கொஞ்சம் கோணல்மாணலாக வரும், வரட்டும்.

இதனாலேயே நர்சரியில் பெரிய தொட்டிச் செடியைக் காட்டினாலும் சின்ன கவர் செடியாகவே வாங்குங்கள். வேருக்கு நடுவே ஒரு கைப்பிடி இடத்தில் அது உட்கார்ந்துவிடும், பிறகு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். குழியில் இருந்த மண்ணோடு மட்கிய உரமும் ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவும் கலந்து போட்டால் போதும்.

திரைக்கு என் முதல் தேர்வு ஆடாதோடை. புள்ளி வெயிலில் தாராளமாக வரும், ஆளுயரத்துக்கு மேல் போகும், எவ்வளவு கழித்தாலும் மறுபடி தழைக்கும், ஆடு மாடு அதை ஒதுக்கிவிடும். பென்சில் பருமனில், மூன்று கணு உள்ள குச்சியை வெட்டி நட்டாலே பிடிக்கும் என்பதால் செலவும் இல்லை. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை, முக்கோணமாக நடுங்கள். சுவரை ஒட்டி நட்டால் சுவரில் ஈரம் ஏறும். உயரம் அவ்வளவு வேண்டாம் என்றால் கருநொச்சி, இடுப்பளவு வேலியாக அழகாகக் கத்தரித்து வைக்கலாம்.

செடி வளர்ந்து மறைக்கும்வரை பொறுக்க முடியாதவர்கள், அல்லது இடம் ரொம்பக் குறுகல் என்பவர்கள், இரண்டு சவுக்குக் கம்பம் ஊன்றி நடுவில் கம்பிவலை கட்டி வெற்றிலைக் கொடி ஏற்றலாம். சோழவந்தான் பக்கக் கொடிக்கால்களில் அகத்தி நிழலில்தானே வெற்றிலை வளர்க்கிறார்கள், நிழல் அதற்குப் பழகிய விஷயம். மணி பிளான்டும் வேகமாக மூடும், ஆனால் அதை மாமரத்தில் மட்டும் ஏறவிடாதீர்கள். மரத்தில் ஏறிவிட்டால் இலை முறம் அளவுக்குப் பெருத்து, கிளையையே மூடிவிடும், இறக்குவது பெரும்பாடு.

திரைக்கு முன்னால் இலைச் செடிகள். கனகாம்பரம் ஓரத்து வெயிலில் பூக்கும், அதைத் தவிர இங்கே பூவை எதிர்பார்க்காதீர்கள். நடுப்பகுதிக்குச் சித்தரத்தை, மஞ்சள், ரம்பை, சிங்கோனியம், கேலேடியம். மஞ்சள் தை, மாசியில் காய்ந்துபோய் இடம் வெறிச்சோடும், அதனால் அதைத் தனியே கொத்தாக வைக்காமல் மற்றவற்றுக்கு இடையில் வையுங்கள். இருட்டுப் பகுதிக்கு மருள் (ஸ்னேக் பிளான்ட்), அக்லோனிமா, பெரணி. பெரணிக்கு ஈரம் காயக் கூடாது, மருளுக்கு ஈரம் தங்கக் கூடாது, இரண்டையும் ஒரே குழியோரம் வைக்காதீர்கள். டைஃபன்பேக்கியா நிழலில் பிரமாதமாக வரும், ஆனால் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும், சின்னக் குழந்தையோ நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் வேண்டாம். முன்வரிசையைத் தரை தெரியும்படி வைத்து, அடி இலைகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால், புதர் மண்டிப் பாம்பு வரும் என்று பெரியவர்கள் சொல்கிற பயத்துக்கும் ஒரு வழி ஆயிற்று.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசிதான் சரியான நேரம், ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். வேலை செய்யும்போது தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள், மரத்தில் முசுறு என்கிற கடிக்கும் சிவப்பெறும்பின் கூடு இருந்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும். மழைக்காலமாயிற்றே என்று தண்ணீரை மறக்கவும் கூடாது. தூறலையெல்லாம் மேலே இலைகளே வாங்கிக்கொள்ளும், தெருவே நனைந்திருந்தாலும் மரத்தடி மண்ணில் விரலை விட்டால் காய்ந்திருக்கும். முதல் வருஷம் கோடையில் வாரம் இரண்டு மூன்று முறை குழி குழியாக ஊற்ற வேண்டும். மழை நின்றபின் மார்கழி, தையில் மட்டும் கை அடங்கட்டும்: மா பூவெடுக்க மண் கொஞ்சம் காய வேண்டும், அப்போது ஓஸைத் திறந்துவிட்டு மரத்தடியை ஊறவைத்தால் பூவுக்குப் பதில் தளிர் விடும்.

அதே பூக்காலத்தில் கீழே உள்ள இலையெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்துப்போகும். செடிக்கு நோய் என்று பயந்து மருந்து வாங்க ஓடாதீர்கள். மேலே மாம்பூவில் இருக்கும் தத்துப்பூச்சி கழிக்கிற தேன் போன்ற கழிவு இலையில் விழுந்து, அதன் மேல் படரும் கரும்பூசணம் அது. தண்ணீரைப் பீய்ச்சித் துடைத்தால் போகும். மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்தால் இரவில் டார்ச்சோடு போய், கையுறை போட்டுப் பொறுக்குவதுதான் வழி.

உதிரும் மாவிலையை எரிக்க வேண்டாம், அப்படியே மூடாக்காகவும் போட வேண்டாம். தடித்த இலை ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து தண்ணீரை உள்ளே விடாது. நொறுக்கிப் போடுங்கள், அல்லது ஒரு மூலையில் குவித்துச் சாணிக் கரைசல் தெளித்து மட்கவிடுங்கள்.

அப்புறம், சுவர் பொதுச்சுவர் என்றால் அதில் ஆணி அடிக்காமல் கம்பங்களை உங்கள் பக்கத்து மண்ணிலேயே ஊன்றுங்கள், ஊன்றுவதற்கு முன் அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெற்றிலைக் கொடி சுவரைத் தாண்டி அந்தப் பக்கமும் இறங்கத்தான் செய்யும், அவர்களும் நாலு பறித்துக்கொள்ளட்டும்.