அமெரிக்கா வந்த முதல் வருடம்: பிள்ளைக்குப் பள்ளிக்கூடமா, வீட்டுப் பாடமா?

பெட்டிகளைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, பையனை இங்கே பப்ளிக் ஸ்கூலில் போடலாமா, இல்லை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் கணவரின் வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் ஹெச்-4 விசாவில் வந்த அம்மா. வேலை பார்க்க அனுமதி கிடைக்கவில்லை, கையில் நல்ல பட்டம் இருக்கிறது, பகலெல்லாம் வீட்டில் தனியே இருக்க வேண்டும். அந்தக் கேள்வியில் பாதி பிள்ளையைப் பற்றியது, மீதி அவரைப் பற்றியது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை வைத்திருந்தால் அது ஃபீஸ் வாங்கும் தனியார் பள்ளி. இங்கே அது அரசுப் பள்ளி. வரிப்பணத்தில் நடக்கிறது, ஃபீஸ் இல்லை, பெரும்பாலான இடங்களில் பாடப்புத்தகத்துக்கும் பணம் இல்லை. எந்தப் பள்ளி என்பதை உங்கள் வீட்டு முகவரிதான் முடிவு செய்யும். அதனால்தான் பழையவர்கள் வாடகை வீடு தேடும்போதே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக வட்டாரம்) எது என்று கேட்பார்கள். விசா எதுவானாலும் பிள்ளைக்கு இடம் உண்டு. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது.

என் பதில் இதுதான்: முதல் வருடம் பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டுக்கல்விக்கு நான் எதிரி இல்லை. என் மகனை நாலாம் வகுப்பு முழுவதும் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவள் நான். ஆனால் வந்து இறங்கிய மாதத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பயத்தில் எடுப்பது. பஸ் எங்கே நிற்கும், டீச்சரிடம் என்ன பேசுவது, மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களா என்று எதுவுமே தெரியாத நேரத்தில் வீடுதான் பாதுகாப்பாகத் தெரியும். இன்னொன்று, பள்ளி பிள்ளைக்கு மட்டும் பாடம் எடுப்பதில்லை. இந்த ஊர் எப்படி நடக்கிறது என்று நான் கற்றதில் பெரும்பகுதி, மகனின் பையில் வந்த தாள்களைப் படித்துக் கற்றதுதான்.

சேர்க்கைக்கு வாடகை ஒப்பந்தம் அல்லது மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளியின் மதிப்பெண் தாள்கள் தேவைப்படும். இதில் தகராறு செய்வது தடுப்பூசி அட்டைதான். மகன் பிறந்தது 2015 ஜூன் 5. நம் வழக்கப்படி 05/06/2015. இரண்டு மாதத்தில் போட்ட ஊசிக்கு 03/08/2015 என்று எழுதியிருந்தது. இங்கே மாதத்தை முன்னால் எழுதுவார்கள். அலுவலகத்தில் இருந்த அம்மாள் அட்டையை இரண்டு முறை பார்த்துவிட்டு, பிள்ளை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே ஊசி போட்டிருக்கிறீர்களே என்றார்! மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி, ஒரு டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது நல்லது. சின்னம்மை ஊசி இந்திய அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. நீங்களாகத் தனியாரிடம் போட்டிருந்தால் தவிர, இங்கே வந்து போட வேண்டியிருக்கும். சில இடங்களில் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்குக் கையில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனையில் நோய் இல்லாமலே தடிப்பு வரலாம். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதில் இந்தக் குழப்பம் வராது.

சேர்க்கைப் படிவங்களோடு இன்னொரு தாளும் வரும். பிள்ளை முதலில் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று கேட்கும். இதில் 'தமிழ்' என்று எழுதினால் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், ஈ.எஸ்.எல். வகுப்பில் (வேறு தாய்மொழிப் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு) போட்டுவிடுவார்கள் என்று யாராவது உங்களை எச்சரித்திருப்பார்கள். அதனால் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடும் பெற்றோர் நிறைய. செய்யாதீர்கள். தேர்வில் பேசுவது, கேட்பது, படிப்பது, எழுதுவது நான்கையும் பார்ப்பார்கள். ஆங்கில மீடியத்தில் படித்த பிள்ளைகள் பலர் அதிலேயே தேறிவிடுவார்கள். தேறாவிட்டால் கூடுதல் டீச்சர் கிடைப்பார். அதில் என்ன அவமானம்? 1974-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காக நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போராடிப் பெற்ற உதவி அது. வேண்டாம் என்றால் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர், டீச்சர் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் தொலைபேசியில் ஏற்பாடு செய்வார்கள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது. வீட்டில் மூச்சுவிடாமல் பேசும் பிள்ளையைப் பற்றி 'பேசுவதே இல்லை' என்று டீச்சர் எழுதி அனுப்புவார். பல பெற்றோர் பள்ளியை விட்டு நிறுத்த நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். புதிய மொழிக்குள் வரும் பிள்ளைகளிடம் இந்த மௌனம் சாதாரணம். கேட்டுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இனி, வீட்டில் படிக்க வைக்க ஆசைப்படும் காரணங்கள். "இங்கே கணக்கு ரொம்ப மெதுவாகச் சொல்லித்தருகிறார்கள்" என்பது முதல் புகார். உண்மைதான். ஆனால் அதற்கு மாலையில் அரை மணி நேரம் போதும், பகல் முழுவதையும் கேட்காது. தமிழ் போய்விடும் என்ற பயத்துக்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் வீட்டுப் பேச்சும் இருக்கின்றன. துப்பாக்கி பயம் வேறு வகை. துப்பாக்கியோடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்ளப் பழக்கும் லாக்டவுன் ட்ரில் நடந்த நாளில் நானும் அழுதிருக்கிறேன், அதற்குச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கண்டிப்பாகப் பள்ளிப் பக்கம் போங்கள். 1975-ல் வந்த மத்திய சட்டத்தின்படி பரிசோதனையும் சிறப்புக் கல்வியும் இலவசம். பரிசோதனை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். வீட்டுக்கல்விக்கு மாறினால் இந்த உதவிகளில் எது மிஞ்சும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இதையெல்லாம் யோசித்த பிறகும் வீடுதான் சரி என்று பட்டால், சட்டம் தடுக்காது. 1993 முதல் ஐம்பது மாநிலங்களிலும் அனுமதி உண்டு. (ஜெர்மனிக்குப் போன என் தோழிக்கு இந்தப் பேச்சே கிடையாது. அங்கே பள்ளிக்குப் போவது கட்டாயம்.) ஆனால் மாநிலத்துக்கு ஒரு விதி. டெக்சாஸில் வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளியாகவே கருதுகிறார்கள். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமக்களாக நடப்பது ஆகியவற்றைச் சொல்லித்தர வேண்டும், அரசுத் தேர்வு எதுவும் இல்லை. பென்சில்வேனியாவில் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, வருடக் கடைசியில் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். நாங்கள் இருந்த நியூயார்க்கில் விருப்பக் கடிதம், பாடத்திட்டம், வருடத்துக்கு நான்கு அறிக்கைகள், கடைசியில் மதிப்பீடு. ஆறாம் வகுப்பு வரை வருடத்துக்கு 900 மணி நேரம், அதற்கு மேல் 990.

டெக்சாஸில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், விதி எதுவும் இல்லை என்ற நம்பிக்கையில் ஒரு திங்கட்கிழமை பிள்ளையை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டது. பள்ளிக்கு ஒரு வரி எழுதவில்லை. காரணமில்லாமல் பிள்ளை வரவில்லை என்று பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்து, அவர்களுக்குத் தூக்கம் போனது. விலகல் கடிதத்தை முதலில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், பிறகு நிறுத்துங்கள்.

அந்த வருடத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பத்தரைக்குள் கணக்கும் வாசிப்பும் முடிந்துவிடும். மீதிப் பகலை நிரப்புவதுதான் வேலை. நூலகம், பூங்கா, செவ்வாய்க்கிழமை நான்கு குடும்பங்கள் சேர்ந்து நடத்திய வகுப்பு. பின்னங்களை அவன் நன்றாகப் புரிந்துகொண்டதும், தமிழைத் தடங்கலில்லாமல் வாசிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். ஆனால் டீச்சரும் நானே, அம்மாவும் நானே. நீள்வகுத்தலில் காலையில் வந்த சண்டை இரவுச் சாப்பாடு வரை ஓடும். கணவர் வீட்டுக்கு வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டால் இருவரும் பதில் சொல்ல மாட்டோம். பாடத்திட்டம் வாங்குவதற்கு முன்னால், சொல்லித்தரப் போகிறவர் தனக்காக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வைத்துக்கொள்வார் என்று கணவன் மனைவி உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கே பெரிய வகுப்பில் சேர்க்கப் போனால் டி.சி.யும் மதிப்பெண் தாளும் கேட்பார்கள், வீட்டில் படித்த பிள்ளையிடம் இரண்டும் இருக்காது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது முதல் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சேரலாம். அந்த வழி உண்டு என்றாலும் எட்டாவது, ஒன்பதாவதில் திரும்புவதாக இருந்தால் பள்ளிப் பதிவு இருப்பது அலைச்சலைக் குறைக்கும்.

மகன் ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளிக்கே திரும்பினான். நாங்கள் முடிவு செய்யவில்லை, பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பள்ளி இசைக்குழுவில் ட்ராம்போன் என்ற ஊதுகருவி கொடுத்தார்கள், அதைப் பார்த்துவிட்டு அவனே கேட்டான். மீண்டும் சேர்க்கும்போது நான்கு அறிக்கைகளையும் நூலக ரசீதுகளையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போனேன். அதே அலுவலகம், அதே அம்மாள். அறிக்கைகளைப் புரட்டி ஐந்தாம் வகுப்பு என்று எழுதிக்கொண்டவர், தடுப்பூசி அட்டையை மட்டும் மறுபடி கேட்டார்.