கன மீட்டரும் லிட்டரும்: கணக்கு எங்கே சறுக்குகிறது?

கன மீட்டரை லிட்டராக மாற்றும் கணக்கில் வரும் தவறுகளில், பெருக்கத் தெரியாமல் வருபவை மிகக் குறைவு. 100-ஆல் பெருக்குவதா 1000-ஆல் பெருக்குவதா, பெருக்குவதா வகுப்பதா என்ற இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கன அளவுக்கு இரண்டு வரிசைகள் இருப்பதே இதற்குக் காரணம். கன மீட்டர், கன டெசிமீட்டர், கன சென்டிமீட்டர் என்று நீள அலகிலிருந்து பிறக்கும் வரிசையில் ஒரு படி இறங்கினால் 1000 மடங்கு. கிலோலிட்டர், ஹெக்டோலிட்டர், டெக்காலிட்டர், லிட்டர் என்ற வரிசையிலோ ஒரு படிக்கு 10 மடங்குதான். ஒன்றின் விதியை இன்னொன்றில் போட்டால் விடை தவறாமல் என்ன செய்யும்?

முதலில் எல்லோரும் செய்யும் தவறு: 1 மீட்டருக்கு 100 சென்டிமீட்டர், ஆகவே 1 கன மீட்டருக்கு 100 கன சென்டிமீட்டர் என்று எழுதுவது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டர் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தில் 1 சென்டிமீட்டர் கனசதுரங்களை அடுக்கினால் ஒரு வரிசைக்கு 100, அப்படி 100 வரிசை. அடித்தளம் மட்டுமே 10,000 ஆகிவிட்டது. அதன்மேல் அதே மாதிரி 100 அடுக்கு வைத்தால்தான் பெட்டி நிறையும். மொத்தம் 10,00,000.

அதே பெட்டியை 1 டெசிமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர் கனசதுரங்களால் நிரப்புங்கள். 10 × 10 × 10 = 1000. ஒவ்வொரு கனசதுரமும் சரியாக 1 லிட்டர். இரண்டு வரிசைகளும் கைகோர்க்கும் இடம் இதுதான்: 1 கன டெசிமீட்டர் 1 லிட்டர், 1 கன மீட்டர் 1 கிலோலிட்டர். அன்றாடம் யாரும் டெசிமீட்டரில் அளப்பதில்லை என்பதால் பாடத்திலும் அதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். அது பெரிய நஷ்டம் என்பது என் கருத்து. டெசிமீட்டரைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஒரு தொட்டியின் நீளம் 1.2 மீட்டர், அகலம் 80 சென்டிமீட்டர், உயரம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் 1.2 × 80 × 50 = 4800 என்று போட்டுவிட்டு, அதையே லிட்டர் என்று எழுதுபவர்கள் உண்டு. அலகுகள் கலந்த பெருக்கல் இது. அந்த 4800 எந்த அலகிலும் இல்லை. எல்லாவற்றையும் மீட்டராக்கினால் 1.2 × 0.8 × 0.5 = 0.48 கன மீட்டர், அதாவது 480 லிட்டர். டெசிமீட்டராக்கினால் இன்னும் சுலபம்: 12 × 8 × 5 = 480. விடை நேராக லிட்டரிலேயே வந்துவிடும், அப்புறம் மாற்ற எதுவும் மிச்சமில்லை.

தசமப் புள்ளியிலும் ஒரு பொறி இருக்கிறது. 2.5 கன மீட்டர் என்றால் 2 கன மீட்டரும் 5 லிட்டரும் என்று படித்துவிடுவார்கள். உண்மையில் அது 2500 லிட்டர். 2.05 என்றால் 2050, 2.005 என்றால்தான் 2005. புள்ளிக்குப் பின் மூன்று இடங்களையும் நிரப்பி 2.500 என்று எழுதிப் பழகினால் இந்தத் தவறு வராது.

திசை மாறுவது அடுத்தது. 350 லிட்டரைக் கன மீட்டராக்கச் சொன்னால், 1000-ஆல் பெருக்கி 3,50,000 என்று எழுதுவது. பெரிய அலகுக்குப் போகும்போது எண் சிறுக்க வேண்டும், விடை 0.35. சந்தேகம் வந்தால், 1 கன மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு டன் எடை என்பதை நினைத்துக்கொண்டு விடையை ஒருமுறை பாருங்கள். ஆனால் இந்த எடைக் கணக்கு தண்ணீருக்கு மட்டும்தான். 1 கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன் இருக்கும். லிட்டரையே எடையை வைத்து வரையறுத்த காலமும் உண்டு. 1901 முதல் 1964 வரை 1 கிலோ தண்ணீரின் கன அளவே 1 லிட்டர். அது ஒரு கன டெசிமீட்டரைவிட 10 லட்சத்தில் 28 பங்கு அதிகமாக இருந்தது. 1964-இல் பழையபடி சரியாக 1 கன டெசிமீட்டர் என்று ஆக்கிவிட்டார்கள்.

பெரிய அலகுகளில் தவறினால் இழப்பும் பெரிது. கிலோலிட்டர் 1000 லிட்டர் என்பதால் கன கிலோமீட்டர் 1000 கன மீட்டர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கன கிலோமீட்டரில் 'கிலோ'வும் சேர்ந்தே மும்மடியாகிறது: 1000 × 1000 × 1000, அதாவது 100 கோடி கன மீட்டர். லிட்டரில் சொன்னால் ஒரு லட்சம் கோடி. ஹெக்டோலிட்டரும் கன ஹெக்டோமீட்டரும் கேட்க ஒன்று போலவே இருக்கின்றன. முன்னது 100 லிட்டர். அணைகளின் கொள்ளளவுக்குச் சில நாடுகளில் பயன்படும் பின்னதோ 10 லட்சம் கன மீட்டர். வித்தியாசம் ஒரு கோடி மடங்கு.

குறியீட்டில் எம் என்ற ஆங்கில எழுத்தைச் சிறியதாகப் போட்டால் மில்லிலிட்டர், பெரியதாகப் போட்டால் மெகாலிட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர். எல் எழுத்தைச் சிறியதாகவோ பெரியதாகவோ எழுதலாம். சின்ன எழுத்து 1 என்ற எண்ணோடு குழம்புகிறது என்பதால் 1979-இல் பெரிய எழுத்தையும் அனுமதித்தார்கள். எம் எழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதில் தவறினால் விடை 100 கோடி மடங்கு மாறிப்போகும்.