கம்பஸ் தொடங்குமுன் கணிதத்தைத் தட்டி எழுப்புங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்குள் பௌதிகவியல் படிக்கப் போவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் இணைந்த கணிதம் கையை விட்டுப் போய்விடும். உயர்தரப் பௌதிகவியலில் வகையீடு, தொகையீடு இல்லாமலே சமாளித்தோம். பல்கலைக்கழகத்தில் அது நடக்காது.

முழுப் பாடத்திட்டத்தையும் திரும்பப் படிக்க வேண்டாம். வகையீடு, தொகையீடு, காவிகள், சிக்கலெண்கள் போதும். தினமும் ஒரு மணித்தியாலம், பேனையும் கொப்பியுமாக. விடையைப் பார்த்து "விளங்குது" என்று தலையாட்டுவது பயிற்சி ஆகாது.

அப்புறம், ஒவ்வொரு கணக்கையும் பௌதிகத்தோடு கட்டிவிடுங்கள். மின்னேற்றிய 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று 10 கிலோஓம் தடையூடாக மின்னிறங்குகிறது என்று வையுங்கள். அதன் மின்னழுத்தம் குறையும் வீதம், அந்தக் கணத்தில் உள்ள மின்னழுத்தத்துக்கு நேர்விகிதசமன். இந்த ஒரு வசனத்தை வகையீட்டுச் சமன்பாடாக எழுதித் தீர்த்துப் பாருங்கள். 10 செக்கனில் மின்னழுத்தம் தொடக்கத்தில் இருந்ததன் ஏறத்தாழ 37 சதவீதமாக வர வேண்டும். கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வுக்கும் இதே சமன்பாடுதான்! எனக்கு இது பிடிபட்ட அன்றுதான் தொகையீட்டின் மேல் உண்மையான விருப்பம் வந்தது.

நேரம் மிஞ்சினால் பகுதி வகையீட்டையும் (பல மாறிகளில் ஒன்றை மட்டும் மாறவிட்டு வகையிடுவது) தொட்டுப் பாருங்கள். உயர்தரத்தில் அது இல்லை, வெப்பவியக்கவியலில் உடனே தேவைப்படும்.