இருபத்தெட்டு தெரிந்தவர்களுக்கு பிரிட்ஜ்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சீட்டாடத் தெரிந்தவர் என்றால் முக்கால்வாசிப் பேர் இருபத்தெட்டு என்ற ஆட்டம்தான் ஆடியிருப்பார்கள். நானும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, எங்கள் தேங்காய் மண்டிக்கு லாரி வராத மத்தியானம் என்று கிடைத்த நேரத்தில் எல்லாம் ஆடியிருக்கிறேன். பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தைக் கற்றது 51 வயதில். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்தார். நாங்கள் அவரை மாஷ் என்றுதான் கூப்பிடுவோம். இப்போது சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களை மேசையில் உட்கார வைப்பது என் பொறுப்பு. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்குப் பாதி ஆட்டம் தெரியும். எதிரே கூட்டாளி, சுற்றி வரும் ஏலம், மற்ற இனங்களை வெட்டும் துருப்பு, இறக்கிய இனத்தையே போட வேண்டும் என்ற விதி, போன சீட்டை மனதில் வைப்பது எல்லாம் இருபத்தெட்டிலேயே பழகியாயிற்று. ரம்மி மட்டும் ஆடியவருக்குக் கூட்டாளி என்ற ஒன்றே புதிது. உங்களுக்கு நேரம் பிடிக்கப்போவது புதிதாகக் கற்பதில் அல்ல, கை பழகியதை விடுவதில்தான்.

சீட்டின் வரிசையிலிருந்து தொடங்குங்கள். இருபத்தெட்டில் 32 சீட்டு. ஜாக்கி பெரிது, அடுத்து ஒன்பது, ஏஸ், பத்து, அப்புறம்தான் ராஜா, ராணி. பிரிட்ஜில் 52 சீட்டும் உண்டு, ஆளுக்கு 13. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று நேராக இறங்கி இரண்டில் முடியும். கேட்கும்போது சுலபம். ஆனால் குலான் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய ஜாக்கியைக் கையில் பார்த்ததும் மனம் அதைப் பெரிய சீட்டாகவே எடுத்துக்கொள்ளும். என் கணவரின் தங்கைதான் எனக்குக் கூட்டாளி, பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். முதல் மாதம் அவள் ஜாக்கியை இறக்கிவிட்டு, பிடி (ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டு) நம்முடையது என்று கையை நீட்டுவாள். இதற்கு ஒரே வழி, வீட்டில் தினமும் 13 சீட்டு எடுத்து, இனம் பிரித்து, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குவது. பத்து நாளில் கண் மாறிவிடும். இன்னொன்று, எங்கள் பக்கம் இருபத்தெட்டில் ஆட்டம் வலது கைப் பக்கம் சுற்றும். பிரிட்ஜ் கடிகாரம் சுற்றுகிற மாதிரி இடது பக்கம் போகும். முறை தப்பிச் சீட்டைப் போட்டால் அதற்கு விதிப்படி விளைவு உண்டு. ஆகவே இதில் அலட்சியம் வேண்டாம்.

அடுத்தது மதிப்பெண். ஜாக்கி 3, ஒன்பது 2, ஏஸ் 1, பத்து 1, இனத்துக்கு ஏழு, நாலு இனத்துக்கு 28 என்று எண்ணியவர்கள் நாம். பிரிட்ஜில் ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. இனத்துக்குப் பத்து, மொத்தம் 40. ஆனால் இந்த 40 கையின் பலத்தை அளக்க மட்டும்தான். ஆட்டம் தொடங்கிய பின் எந்தச் சீட்டுக்கும் மதிப்பெண் கிடையாது. மொத்தம் 13 பிடி, ஒவ்வொரு பிடியும் ஒன்று. நாலு சின்னச் சீட்டு விழுந்த பிடியும் ஒன்றுதான், ஏஸும் ராஜாவும் சேர்ந்து விழுந்த பிடியும் ஒன்றுதான்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏனென்றால் இருபத்தெட்டு ஆடியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. கூட்டாளி பிடிக்கப்போகிறார் என்று தெரிந்தால் ஒன்பதையோ ஏஸையோ அதில் ஏற்றிவிடுவது அங்கே நல்ல ஆட்டம். இங்கே கூட்டாளியின் ஏஸ் மீது உங்கள் ராஜாவைப் போட்டால், தனியாக ஒரு பிடி எடுத்திருக்க வேண்டிய சீட்டை வீணாக்கினீர்கள் என்று அர்த்தம். கூட்டாளி ஜெயிக்கும்போது உங்களிடம் இருப்பதில் சின்னதைப் போடுங்கள்.

ஏலத்தில், சொல்கிற எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்பேட் என்றால் ஏழு பிடி, நாலு ஸ்பேட் என்றால் பத்து. இனங்களுக்குள் ஏறுவரிசை உண்டு. கிளாவர், டைமண்ட், ஆர்ட்டின், ஸ்பேட், எல்லாவற்றுக்கும் மேலே துருப்பில்லா ஆட்டமான நோட்ரம்ப். மேலே சொன்ன மதிப்பெண் கணக்கில் 12, 13 புள்ளி இருந்தால் ஏலத்தைத் திறக்கலாம். ஐந்து ஸ்பேடோ ஐந்து ஆர்ட்டினோ இருந்தால் அதைச் சொல்லுங்கள். எல்லா இனமும் சமமாகப் பரவி 15 முதல் 17 வரை இருந்தால் ஒரு நோட்ரம்ப். இருவர் கையும் சேர்ந்து 25 தேறும் என்று தோன்றினால் கேம் வரை போங்கள். கேம் என்பது ஜெயித்தால் கூடுதல் புள்ளி தரும் ஏலம்: மூன்று நோட்ரம்ப், நாலு ஆர்ட்டின் அல்லது ஸ்பேட், ஐந்து டைமண்ட் அல்லது கிளாவர். கடைசி இரண்டுக்கும் 11 பிடி வேண்டும் என்பதால் மாஷ் எங்களை எப்போதும் நோட்ரம்ப் பக்கமே தள்ளுவார். இதற்கு மேல் ஏல முறைகள் ஒரு கடல். முதல் ஆறு மாதத்துக்கு இவ்வளவு போதும்.

சொல்லப்போனால் முதல் நாலு வாரம் ஏலமே வேண்டாம். மினிபிரிட்ஜ் ஆடுங்கள். சீட்டு போட்டதும் நாலு பேரும் தங்கள் புள்ளியைச் சொல்வார்கள். கூட்டு அதிகமுள்ள ஜோடிக்கு ஆட்டம், அதில் புள்ளி கூடியவர் ஆட்டக்காரர். கூட்டாளி தன் 13 சீட்டையும் மேசையில் விரித்துவிடுவார். அவர்தான் டம்மி. அதைப் பார்த்துவிட்டு ஆட்டக்காரர் துருப்பையும் எத்தனை பிடி என்பதையும் முடிவு செய்வார். இருபத்தெட்டில் துருப்பைக் கவிழ்த்து வைத்து யாருக்கும் தெரியாமல் காத்தவர்களுக்கு, பாதிச் சீட்டைத் திறந்து வைத்து ஆடுவது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். நாலு வாரத்தில் அந்தக் கூச்சம் போய், டம்மி இறங்கியதும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரியவைத்த ஒரு கையைச் சொல்கிறேன். ஒரு நோட்ரம்ப் என்று நான் திறந்தேன், கூட்டாளி மூன்றுக்கு ஏற்றினாள்.

என் கை:
ஸ்பேட்: ஏஸ், 6, 4
ஆர்ட்டின்: ராஜா, 7, 5
டைமண்ட்: ராணி, 8, 3
கிளாவர்: ஏஸ், ராணி, 7, 4

டம்மி:
ஸ்பேட்: 7, 2
ஆர்ட்டின்: ஏஸ், 8, 4
டைமண்ட்: ஏஸ், ஜாக்கி, 10, 9, 5
கிளாவர்: ராஜா, 6, 3

இடது பக்கத்தவர் ஸ்பேட் 5 இறக்கினார். டம்மியிலிருந்து 2. வலது பக்கத்தவர் ராணி போட்டார். கையில் ஏஸ் இருக்கிறது, எதிராளியின் ராணி கண்ணெதிரே கிடக்கிறது. உடனே ஏஸைப் போட்டுப் பிடித்தேன். அப்புறம் டைமண்ட் ராணியை இறக்கி, டம்மியின் ஏஸைப் போடாமல் ஓடவிட்டேன். வலது பக்கத்தவரிடம் ராஜா இருந்தது. அவர் பிடித்து ஸ்பேடைத் திருப்பினார். இடது பக்கத்தவரிடம் ஸ்பேட் மொத்தம் ஐந்து. வரிசையாக நாலு பிடி போயிற்று. எனக்கு எட்டுதான், ஒன்று குறைவு.

ஆட்டம் முடிந்ததும் மாஷ் நாலு கையையும் திரும்பப் பரப்பி வைத்தார். “முதல் ரெண்டு ஸ்பேடையும் அவங்களுக்கே விட்டுடுங்க. மூணாவதுல ஏஸ் எடுங்க. இப்போ வலது பக்கம் ஸ்பேட் இருக்கா?” இல்லை. அவரிடம் இருந்ததே மூன்று. இனி டைமண்ட் ராஜாவால் அவர் உள்ளே வந்தாலும், கூட்டாளிக்கு ஸ்பேட் அனுப்ப வழியில்லை. தோற்பது இரண்டு ஸ்பேடும் டைமண்ட் ராஜாவும் மட்டும். மீதி ஸ்பேட் ஒன்று, ஆர்ட்டின் இரண்டு, டைமண்ட் நாலு, கிளாவர் மூன்று, ஆகப் பத்துப் பிடி. எத்தனை முறை விட்டுக்கொடுப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த இனத்தில் இரண்டு கையிலும் சேர்த்து இருக்கும் சீட்டை ஏழிலிருந்து கழியுங்கள். எங்களுக்கு ஐந்து ஸ்பேட், ஏழில் ஐந்து போனால் இரண்டு. நோட்ரம்பில், எதிராளி தாக்கும் இனத்தில் உங்களிடம் ஏஸ் ஒன்றே தடுப்பாக இருக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இனி இதே கை சனிக்கிழமைப் போட்டியில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். எங்கள் சங்கத்தில் இப்போது எட்டு ஜோடி, நாலு மேசை. ஒவ்வொரு ஜோடியும் மற்ற ஏழு ஜோடியோடும் ஒரு சுற்று உட்காரும் முறையில் ஆடுகிறோம். சுற்றுக்கு மூன்று கை, மொத்தம் 21. ஒரு கைக்கு ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்தால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். சீட்டை நடுவில் எறிவதில்லை. அவரவர் போட்டதை அவரவர் முன்னாலேயே கவிழ்த்து வைத்து, கடைசியில் போர்டு என்கிற பெட்டியில் திரும்பச் செருகுவோம். அதே நாலு கை அடுத்த மேசைக்குப் போகும். ஆகவே நல்ல சீட்டு வரவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. எல்லாருக்கும் அதே சீட்டுதான்.

அன்று ஒரு மேசையில் மூன்று நோட்ரம்ப் கேட்டுப் பத்துப் பிடி எடுத்தார்கள், ஆட்டப் புள்ளி 430. இன்னொரு மேசையில் இரண்டு நோட்ரம்பிலேயே நின்று பத்து எடுத்தார்கள், 180. நானும் நாலாவது மேசையும் ஒன்று குறைந்து ஆளுக்கு மைனஸ் 50. அதே கையை ஆடியவர்களில் நம்மைவிடக் குறைவாக எடுத்த ஒவ்வொரு ஜோடிக்கும் நமக்கு 2 மார்க், சமமானால் 1. எனவே 430க்கு 6, 180க்கு 4, எங்கள் இரண்டு ஜோடிக்கும் ஒவ்வொன்று. இந்த முறையில் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தோம் என்பது பொருட்டே இல்லை. பத்து புள்ளி கூட இருந்தாலும் அந்த ஜோடியை முழுசாக முந்தியதுதான். அதனால் கேம் கைக்கு வந்த பிறகும் இன்னொரு பிடி கிடைக்குமா என்று தேட வேண்டும். இருபத்தெட்டில் கேட்டது வந்தால் சீட்டைக் கவிழ்த்துவிடுவோமே, அந்தப் பழக்கமும் இங்கே ஆகாது.

எதிர்த்து ஆடும்போது நோட்ரம்புக்கு எதிராக உங்கள் நீளமான இனத்தில் மேலிருந்து நாலாவது சீட்டை இறக்குங்கள். மேலே சொன்ன கையில் இடது பக்கத்தவரிடம் ராஜா, ஜாக்கி, 9, 5, 3. நாலாவது 5. அவருடைய கூட்டாளி 11லிருந்து ஐந்தைக் கழித்து, இறக்கியவரைத் தவிர மற்ற மூவரிடமும் ஐந்துக்கு மேற்பட்ட ஸ்பேட் ஆறு இருக்கும் என்று கண்டுகொள்வார். தன் கையில் மூன்று, டம்மியில் ஒன்று, அப்படியானால் ஆட்டக்காரரிடம் இரண்டு. முதல் சீட்டு விழுந்ததுமே இவ்வளவு தெரிந்துவிடும். எனக்கு இது இன்றைக்கும் அதிசயமாக இருக்கிறது.

52 சீட்டையும் நினைவில் வைக்க முடியாது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எங்கள் மண்டியில் தேங்காய் எண்ணுகிறவர் நூறு ஆனதும் ஒரு காயைத் தனியாக எடுத்து வைப்பார். ஆயிரக்கணக்கை அவர் மனதில் சுமப்பதில்லை, தனியாக இருக்கும் காய்களை எண்ணினால் போதும். அதே மாதிரி ஒரே ஒரு இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துருப்பு இருந்தால் துருப்பு. என் கையிலும் டம்மியிலும் எட்டு என்றால் வெளியே ஐந்து. அந்த ஐந்தை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஐந்து சீட்டு எதிராளிகளிடம் மூன்றும் இரண்டுமாகப் பிரிவது நூற்றுக்கு 68 தடவை. ஆறு சீட்டு மூன்று மூன்றாகப் பிரிவது 36 தடவைதான், நாலும் இரண்டுமாகப் பிரிவது 48. மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவை மட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. வீட்டு இருபத்தெட்டில் கண் ஜாடை, தொண்டை கனைப்பு எல்லாம் நடக்கும், சிரித்துவிட்டுப் போவோம். பிரிட்ஜில் அது கூடவே கூடாது. குரலின் ஏற்ற இறக்கம்கூடச் சேதி சொல்லிவிடும் என்றுதான் ஏலத்தையே பெட்டியிலிருக்கும் அட்டையை எடுத்து வைத்துச் சொல்கிறோம். நீங்களும் கூட்டாளியும் பேசி வைத்த அர்த்தம் எதுவோ அது எதிராளிக்கும் தெரிய வேண்டும், கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியூர்ப் போட்டி ஒன்றில் எதிர் ஜோடி கேட்டும் சொல்லாமல் மழுப்பியது. அன்று வீடு வரும்வரை எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் மேசையில் அது நடக்க விடமாட்டேன். பணம் வைத்து ஆடுவதும் இங்கே இல்லை. தோற்றவர் காதில் குணுக்கு மாட்டுவதும் இல்லை, அது ஓணத்துக்கு வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும்.

வயதாகிவிட்டது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஆண்கள் இரட்டையர் தங்கம் இந்தியாவுக்குத்தான் வந்தது. ஜெயித்த பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56.

வேலந்தாவளத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்ததால்தான் எட்டாவது ஜோடி நிறைந்தது. ஒன்பதாவது ஒன்று வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஜோடி சும்மா உட்கார வேண்டியிருக்கும், எனவே வந்தால் நாலு பேராக வாருங்கள். கூட்டாளி இல்லாமல் தனியாக வருகிறவருக்கு நான் உட்காருவேன். புதியவர்களுக்கு மினிபிரிட்ஜ் மேசை மூன்றரை மணிக்கு, போட்டி நாலரைக்கு. தமிழோ மலையாளமோ எது வருமோ அதில் பேசலாம், பாஸ் என்பது இரண்டிலும் பாஸ்தான். படிக்கிற கண்ணாடியை மறக்காதீர்கள், ஆர்ட்டினும் டைமண்டும் மாலை வெளிச்சத்தில் ஒன்று போலத் தெரியும். ஐந்தரைக்கு டீ வரும். கிளாஸைக் கையில் வாங்குமுன் சீட்டைக் கவிழ்த்து வையுங்கள்.