மோட்டார் டெக்கில் கையாலேயே பீட் சேர்ப்பது எப்படி?

மோட்டார் டெக் என்றால் தட்டை மோட்டாரே சுற்றும் டிஜே கருவி. ஓடுகிற பாட்டின் அடியோடு அடுத்த பாட்டின் அடியைப் பொருத்துவதுதான் பீட் சேர்ப்பது. சிங்க் பட்டனை அமுக்கினால் இரண்டு பாட்டும் தானாகவே ஒட்டிக்கொள்ளுமே, கையால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம்ம மலையகத்துக் கல்யாண வீட்டிலும் தோட்டத்துத் திருவிழாவிலும் ஓடுகிற பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். எண்பதுகளின் சினிமாப் பாட்டு, பைலா, குத்து, நடுவில் யாரோ போனில் பதிந்து கொடுத்த தப்பு மேள அடி. பழைய பாட்டுகளில் தாளக்காரர்கள் உட்கார்ந்து நேரடியாக வாசித்தார்கள். பல்லவியில் ஒரு வேகம் இருக்கும், இடையிசை வந்ததும் கொஞ்சம் ஏறும். மென்பொருளோ பெரும்பாலும் பாட்டு முழுவதற்கும் ஒரே வேக எண்ணை வைத்து அடிகளுக்குக் கோடு போட்டுவிடும். பைலாவும் குத்தும் பெரும்பாலும் ஆறெட்டுத் தாளம் (ஒரு பெரிய அடிக்குள் மூன்று சின்ன அடி) என்பதால் இன்னும் சிக்கல். 130 பீபீஎம் (நிமிடத்துக்கு 130 அடி) என்று காட்ட வேண்டிய பாட்டை 195 என்றோ 87 என்றோ காட்டும். அந்த எண்ணை நம்பி சிங்க் அடித்தால் ஆடிக்கொண்டிருப்பவர்களின் கால் அப்படியே நின்றுவிடும். நம்ம பாட்டுக்குக் காதும் கையும்தான் சரி.

எந்த டெக்கில் பழகலாம்

பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். 1979இல் வந்த மாடல், மோட்டார் இன்றைக்கும் வேகம் தவறாது. அது கிடைக்காவிட்டால் ரேன் ஒன், ரேன் ட்வெல்வ், டெனான் எஸ்சி6000எம், பயனியர் டிடிஜே-ரெவ்7 எல்லாவற்றிலும் தட்டை மோட்டார்தான் சுற்றுகிறது. என் விருப்பம் 12 அங்குலத் தட்டு. தட்டு பெரிதாக இருந்தால் விரலின் சின்ன அசைவையும் அளந்து கொடுக்க முடியும். தானாகச் சுற்றாத ஜாக் வீல் தட்டில் பழகியவர்களுக்கு முதல் நாள் தட்டு கையை விட்டு ஓடுவதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், ஓடுகிற தட்டில் வேகம் விரலுக்கே தெரியும்.

பெல்ட் வைத்த டர்ன்டேபிள் மலிவாகக் கிடைக்கிறதென்று அதில் பழக வேண்டாம். தட்டைப் பிடித்தாலே பெல்ட் வழுக்கும், விட்டதும் வேகத்துக்கு வரத் திணறும்.

தொடங்குவதற்கு முன்

சிங்க், க்வான்டைஸ் (அடியைத் தானாகக் கோட்டில் உட்கார வைப்பது) இரண்டையும் அணையுங்கள். பிட்ச் ரேஞ்சை, அதாவது வேகத்தை எவ்வளவு கூட்டிக் குறைக்கலாம் என்ற எல்லையை, 8 சதவீதத்தில் வையுங்கள். கீ லாக்கையும் அணைத்துவிடுங்கள். அது அணைந்திருந்தால் வேகத்தோடு சுருதியும் சேர்ந்து ஏறி இறங்கும். 6 சதவீதம் கூட்டினால் கிட்டத்தட்ட அரை சுரம் ஏறும். எவ்வளவு மாற்றியிருக்கிறீர்கள் என்பதைக் காது இப்படித்தான் கற்றுக்கொள்ளும். லேப்டாப் திரையை ஒரு துணியால் மூடுங்கள். அலை வடிவம் கண்ணில் பட்டால் காது வேலை செய்யாது.

பிடிப்பதும் விடுவதும்

மோட்டாரை ஓட விடுங்கள். ஹெட்ஃபோனில் புதுப் பாட்டின் முதல் கிக் (பெரிய டிரம்) அடியைத் தேடி, மேலே இருக்கும் வட்டை மட்டும் விரல் நுனியால் நிறுத்திப் பிடியுங்கள். அடியில் தட்டு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத்தான் இடையில் ஸ்லிப்மேட் என்ற வழுக்கு விரிப்பு. அழுத்திப் பிடித்தால் தட்டும் நின்றுவிடும். நின்ற தட்டு மறுபடி முழு வேகத்துக்கு வர டெக்னிக்ஸில் 0.7 வினாடி ஆகும். 120 பீபீஎம் பாட்டில் ஒரு அடிக்கு அரை வினாடிதான். ஒரு அடிக்கு மேல் அங்கேயே போய்விடும்.

பிடித்தபடியே வட்டை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கிக் ‘வ்வுப், வ்வுப்’ என்று விரலுக்கடியில் கேட்கும். ஓடுகிற பாட்டின் ஒன்றாம் அடியில், ஊஞ்சலைத் தள்ளிவிடுவதுபோல் ஒரு சின்ன உந்தலோடு விடுங்கள். வெறுமனே கையை எடுத்தால் எப்போதும் ஒரு நூல் பிந்தும்.

எது முந்துகிறது?

இங்கேதான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் நிறைய நாள் இந்த இடத்தில்தான் நின்றேன். இரண்டு கிக்கும் சேர்ந்தால் ‘டக்’ என்று ஒரே அடியாகக் கேட்கும். விலகினால் ‘டடக்’. விலகியது எல்லோருக்கும் கேட்கும். ஆனால் அந்த ‘டடக்’கில் முதல் ‘ட’ எந்தப் பாட்டினுடையது? பழகாத காதுக்கு அது தெரியாது.

அதனால் காதிடம் கேட்காமல் விரலிடம் கேளுங்கள். ஹெட்ஃபோனில் இருக்கும் புதுப் பாட்டின் தட்டு விளிம்பை, அதாவது புள்ளிகள் இருக்கும் பக்கவாட்டை, ஒரு விரலால் லேசாகத் தொட்டு ஒரு கணம் இழுத்துப் பிடியுங்கள். அந்தப் பாட்டு கொஞ்சம் பிந்தும். இப்போது ‘டடக்’ நெருங்கி ‘டக்’ ஆகிறதா? அப்படியென்றால் புதுப் பாட்டு முந்திக்கொண்டிருந்தது. ‘ட… டக்’ என்று இன்னும் விரிகிறதா? அது ஏற்கனவே பிந்தியிருந்தது. வட்டின் நடு லேபிளுக்குப் பக்கத்தில் விரல் வைத்து முன்னால் தள்ளிக் கொடுங்கள். டெக்னிக்ஸில் நடுக்கம்பியை இரண்டு விரலால் திருகினாலும் அதே பலன்.

இதற்கு நல்ல பயிற்சி, ஒரே பாட்டை இரண்டு டெக்கிலும் போடுவது. ஒன்றின் பிட்சைத் தொடாதீர்கள், இன்னொன்றை வேறொருவரை விட்டு மாற்றச் சொல்லுங்கள். சரியாகச் சேர்ந்ததும் பாட்டு முழுவதும் ‘ஷ்ஷூ’ என்று குழாய்க்குள் போவதுபோல் ஒலிக்கும். அந்தச் சத்தம் வந்தால் அடி அச்சாகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபேடர்

தட்டைத் தொட்டால் இடம் மட்டுமே சரியாகும். வேகத்தைச் சரிசெய்வது பிட்ச் ஃபேடர் என்ற சறுக்குக் குமிழ். ஒவ்வொரு நான்கு அடிக்கும் தட்டைத் தொட வேண்டியிருந்தால் ஃபேடர் தப்பான இடத்தில் இருக்கிறது. டெக்னிக்ஸில் உங்கள் பக்கம் இழுத்தால் வேகம் கூடும்.

எவ்வளவு நகர்த்துவது? 120க்கும் 121க்கும் ஒரு அடியில் வருகிற வித்தியாசம் 4 மில்லி வினாடிதான். ஆனால் 16 அடி தாண்டினால் 66 மில்லி வினாடி விலகிவிடும், தெளிவாகக் கேட்கும். ஆகவே நாலு அடிக்குள்ளேயே விலகினால் ஃபேடரைத் தாராளமாக நகர்த்துங்கள், 16 அடி தாங்கினால் மயிரிழை போதும். முதலில் 4 சதவீதம், பிறகு 2, பிறகு 1 என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் சீக்கிரம் பிடிபடும். திசை குழம்பினால் புதுப் பாட்டை வேண்டுமென்றே மெதுவாக வைத்துத் தொடங்குங்கள். அது பிந்தத்தான் போகிறது என்று தெரியும், மேலே மட்டும் ஏற்றினால் போதும்.

ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது?

தோட்டத்து மைதானத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கூட்டத்தைப் பார்த்துத் தூரத்தில் அடுக்கிவிடுவார்கள். சத்தம் 10 மீட்டர் வர ஏறக்குறைய 30 மில்லி வினாடி எடுக்கும். ஹெட்ஃபோனில் கேட்பதற்கும் வெளியில் கேட்பதற்கும் அவ்வளவு இடைவெளி. கூடவே எதிர் மலையில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி வேறு. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பள்ளத்தாக்கு மைதானங்களில் இது ரொம்பவே குழப்பும். காதருகே ஒரு சின்ன மானிட்டர் வையுங்கள். இல்லாவிட்டால் மிக்சரில் க்யூ மிக்ஸ் குமிழை நடுவில் திருப்பி இரண்டு பாட்டையும் ஹெட்ஃபோனிலேயே கேளுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பி, இரவானால் வட்டு ஸ்லிப்மேட்டோடு ஒட்டிக்கொண்டு தட்டும் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார். ஈரம்தான் காரணம். குளிரில் வேனில் கிடந்த டெக்கைக் கூட்டம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் உலோகத்தில் வேர்த்துவிடும். வந்ததும் கரண்ட் கொடுக்காமல் அரை மணி நேரமாவது திறந்து வையுங்கள். ஸ்லிப்மேட்டைக் காயவைத்து, அடியில் வட்டமாக வெட்டிய மெழுகுத் தாளைப் போடுங்கள். சர்ரென்று வழுக்கும்.

புளூடூத் ஹெட்ஃபோன் போதுமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். போதாது. சத்தம் பிந்தி வரும், எவ்வளவு பழகினாலும் அதில் அடி சேராது. மலிவான வயர் ஹெட்ஃபோனே மேல்.

ஜெனரேட்டரில் ஓட்டினால் வேகம் ஆடுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. டெக்னிக்ஸ் மோட்டாரைக் குவார்ட்ஸ் கட்டுப்படுத்துகிறது, கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஏறி இறங்கினாலும் தட்டின் வேகம் மாறாது. ஆனால் வோல்டேஜ் விழுந்தால் லேப்டாப்பும் மிக்சரும் அணையும், அதற்கு ஒரு யூபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தப்புப் பதிவோடு பாட்டைச் சேர்ப்பது. தப்பு அடிப்பவர்கள் சூடேற ஏற வேகம் கூட்டுவார்கள், அதுதான் அந்த அடியின் உயிர். அதை ஒரே வேகத்தில் கட்டிப்போடப் பார்க்காதீர்கள். தப்பை அதன் போக்கில் விட்டுவிட்டு, சினிமாப் பாட்டின் ஃபேடரை மயிரிழை மயிரிழையாக இழுத்துக்கொண்டே கூடப் போங்கள். தப்பு ஆறெட்டில் போய், பாட்டு நாலடித் தாளமாக இருந்தால் பெரிய அடிகளை மட்டும் சேர்த்து, பாட்டின் ட்ரெபிளைக் குறைத்துவிடுங்கள். மோதுவது ஹை-ஹாட் சிம்பலின் சில்லறைச் சத்தம்தான், கிக் இல்லை.