ஏ.எஃப். வருத்தத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.) எனும் சீரற்ற இதயத் துடிப்பு கட்டுப்பாட்டில் இருந்தால் யாழ்ப்பாணம் போய்வரத் தடையில்லை. அங்கே படபடப்பைவிடக் கூடுதலாகப் பயப்பட வேண்டியது, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் குளிசை (வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவரொக்ஸபான், டபிகட்ரான் போன்றவை) தவறிப்போவதற்கும், வேறு மருந்தோடு அது மோதுவதற்கும்தான். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காவிட்டால் இடப்பக்க மூலையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இந்த வருத்தக்காரருக்கு அந்த ஆபத்து மற்றவரைவிட ஏறத்தாழ 5 மடங்கு. படபடப்பு நின்றுவிட்டாலும் ஆபத்து நின்றதாகாது. ஆகவே "இப்ப சுகம்தானே, லீவுக்கு விடுவம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

கனடாவிலிருந்து போகிறவர்கள் பயணக் காப்புறுதியை ரிக்கெற் போடும்போதே வாசித்துவிடுங்கள். பல ஒப்பந்தங்களில், ஏற்கெனவே உள்ள வருத்தம் 90 அல்லது 180 நாட்கள் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை உண்டு. குளிசையின் அளவைக் குறைத்ததையே சில நிறுவனங்கள் மாற்றமாக எடுக்கும். மருந்தை மாற்றும் எண்ணம் இருந்தால் குடும்ப வைத்தியரோடு பல மாதம் முந்தியே பேசுங்கள். மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கியவர் அடுத்த 4 கிழமைக்கு ஒரு நேரக் குளிசைகூட விடக்கூடாது. அந்தக் காலத்தில் பயணம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

குளிசைகளைக் கைப்பையில், அவற்றின் பெட்டியோடு, தங்கும் நாட்களுக்கு மேலாக இரண்டு கிழமைக்குக் காணும்படி கொண்டுபோங்கள். டபிகட்ரான் எடுப்பவர் அதைக் கிழமைப் பெட்டியில் பிரித்துப் போடக்கூடாது. ஈரப்பதம் பட்டால் மருந்து கெட்டுவிடும், எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

நேர வித்தியாசம் ரொறன்ரோக்காரருக்குச் சுகம். குளிர்காலத்தில் அது 10½ மணித்தியாலம். அங்கே காலை 8, இரவு 8 என்று அபிக்ஸபான் எடுத்தவருக்கு ஊரில் அதே நேரங்கள் மாலை 6.30, காலை 6.30 ஆகும், எதையும் மாற்றத் தேவையில்லை. லண்டனிலிருந்து போனால்தான் சிக்கல். 5½ மணி வித்தியாசத்தில் இரவுக் குளிசை நள்ளிரவு 1.30க்குப் போய்விடும். புறப்பட முன்பே காலை 6, மாலை 6 என்று நகர்த்தினால் ஊரில் அது 11.30 ஆகும். போய்ச் சேர்ந்தபின் நாளுக்கு ஒரு மணித்தியாலமாக முன்னுக்கு இழுக்கலாம். இந்தக் கணக்கை எழுதி உங்கள் மருந்தாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஒரு நேரம் மறந்துவிட்டால் அடுத்த முறை இரண்டாகப் போடவே கூடாது.

விரதகாரர் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். ரிவரொக்ஸபான் 20 மி.கி. சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மருந்து. வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் ஏறும். நல்லூர்க் கொடியேற்றம் தொடங்கி 25 நாளும் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுபவர் அந்தச் சாப்பாட்டோடு எடுக்கட்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உணவே இல்லாமல் இருப்பவர் புறப்படமுன் வைத்தியரிடம் கேட்டே ஆகவேண்டும். அபிக்ஸபானுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த மருந்தென்றாலும் செடில் குத்தல் வேண்டாம், அங்கப்பிரதட்சணையும் வேண்டாம்.

வார்ஃபரின் எடுப்பவருக்கு முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் விலக்கல்ல. மாதக்கணக்கில் கீரையே தொடாதவர் ஊரில் மாமி அன்போடு வைக்கும் கீரையை மூன்று நேரமும் சாப்பிடுவதுதான் பிரச்சினை. அதிலுள்ள வைட்டமின் கே, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் எனும் அளவைக் கீழே இழுக்கும். பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். போய் ஒரு கிழமைக்குள் தனியார் ஆய்வுகூடமொன்றில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடுதலானவர்கள் சறுக்குவது வயிற்றோட்டத்தில். பாமசியில் கேட்டால் மெற்றோனிடசோல் எனும் கிருமிக்கொல்லி மருந்து கைக்கு வந்துவிடும். வார்ஃபரினோடு சேர்ந்தால் அது ஐ.என்.ஆரைச் சட்டென்று ஏற்றும், சிப்ரோஃப்ளொக்சசினும் அப்படியே. வைத்தியர் வேண்டுமென்று சொல்லி எடுத்தால், மூன்று நான்கு நாளில் ஐ.என்.ஆர் பார்க்க வேண்டும். வயிற்றோட்டத்தில் பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு மீண்டும் தடம்புரளும். நீர் வற்றிச் சிறுநீரகம் சுணங்கினால் டபிகட்ரானும், துடிப்பை மெதுவாக்க எடுக்கும் டிகொக்சினும் உடம்பில் தேங்கும். ஆகவே முதல் நாளிலேயே ஜீவனியை (வயிற்றோட்டத்துக்கான உப்புச் சீனித் தூள்) பைக்கற்றில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட. சிறுநீரக வருத்தம் உள்ளவரும் ஸ்பைரொனோலக்டோன் எடுப்பவரும் அளவோடு நிற்க வேண்டும்.

முழங்கால் நோவுக்கு டைக்லோஃபெனக் குளிசையோ ஊசியோ வேண்டாம். குளிசை வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கும், ஊசி தசைக்குள் இரத்தக் கட்டியை உண்டாக்கும். பரசிற்றமோல் போதும்.

மாரி மழையோடு வடக்கில் டெங்கு கூடும். புலம்பெயர்ந்தவர் அதிகம் வருவதும் மார்கழி, தையில்தான். டெங்கு, இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளைக் குறைக்கும், உங்கள் குளிசையோ உறைவதைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் விபரீதம். காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் குளிசையின் பெயரை முதலில் சொல்லி, முழு இரத்தப் பரிசோதனை செய்விக்கவும். குளிசையை நிறுத்துவதா தொடர்வதா என்பது தட்டு எண்ணிக்கையைப் பார்த்து வைத்தியர் எடுக்கும் முடிவு.

மலிவென்று ஊரில் பல்லுப் பிடுங்குபவர்களும் உண்டு. ஒரு பல்லுக்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பல் வைத்தியரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் அதற்கேற்பச் செய்வார். கள்ளும் சாராயமும் துடிப்பைக் கிளப்பும். அவுஸ்திரேலியாவில் 140 பேரைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியான ஆய்வொன்றில், குடியை விடச் சொல்லப்பட்டோரில் 53 வீதத்தினருக்கும் வழக்கம்போல் குடித்தோரில் 73 வீதத்தினருக்கும் ஏ.எஃப். திரும்பி வந்தது.

படபடத்தால் மணிக்கட்டில் முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். சீரில்லாத துடிப்பை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் பிழைக்கும். பிரஷர் மெசினிலும் மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். நெஞ்சுநோ, மயக்கம், மூச்சிரைப்பு, வாய் கோணல், கை சோர்வு, பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று கண்டாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4½ மணித்தியாலம்தான் அவகாசம். கடைசி 48 மணித்தியாலத்துக்குள் இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் குளிசையை எடுத்திருந்தால் வைத்தியர்களின் முடிவே மாறும். குளிசையின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த நேரம் மூன்றையும் அன்றன்றே எழுதிப் பேர்சில் வையுங்கள், உங்களோடு தங்குபவரின் போனிலும் போட்டுவிடுங்கள்.